மரத்தார் பதில் சொல்லும் நேரம்

கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடு முழுக்க அதையே தேடுகிற வயது நமக்கு வந்துவிட்டது. ஆகவே என் வயதுக்காரர்களிடம் மட்டும் இதைச் சொல்கிறேன். சிரிக்க வேண்டுமென்றால் சிரியுங்கள், முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். ஒரு மழைக்காலம் முழுக்க நான் மரமாக இருந்தேன்.

மரம் என்றால் சாலையோரம் நட்டுவைத்த மரம் இல்லை. முகம் உண்டு, வாய் உண்டு, கோபம்கூட உண்டு. இப்போது வாஷியில் இருக்கிற எங்கள் வீட்டில் என் மகள் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு எவரெவரோடோ ஆடுகிறாளே, அந்த மாதிரி ஆட்டங்களில் முதலில் நீ எந்த இனம் என்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். மனிதன், குள்ளன், கூர்க்காது வில்லாளி என்று ஒரு வரிசை நிற்கும். அந்த வரிசையில் மரமனிதர்களும் உண்டு. ஒருநாள் அவள் திரையில் பட்டைத் தோலும் சுள்ளி விரலுமாக ஒன்று வந்து நின்றபோது, "நானும் இவங்க ஆளுதான்" என்றேன். "மம்மி, ப்ளீஸ்" என்றாள். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது.

நாங்கள் அப்போது செம்பூரில், ஹார்பர் லைன் மின்சார ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தோம். கீழறையில் வேறு குடும்பம், மேலறையில் நாங்கள். மேலே வருவதற்குச் சந்திலிருந்து செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. அதில் ஏற ஒரு கை கம்பியைப் பிடிக்க வேண்டும், மற்றக் கையில்தான் தண்ணீர்க் குடமோ மாவுப் பாத்திரமோ. அப்பாவுக்குத் தாராவியில் தோல் பட்டறையில் வேலை. பர்ஸுக்குத் தோலை மடித்து ஒட்டித் தைப்பார். அம்மா தேவ்நாரில் ஒரு தையல் கூடத்துக்குப் போவாள். தைத்து வருகிற சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டுகிற வேலை. சாயங்காலம் அவள் சேலையில் எல்லா நிறத்து நூலும் ஒட்டியிருக்கும். அதை உதறாமல் அவள் ஏணி ஏற மாட்டாள்.

சந்து முனையில் பழைய பேப்பர் கடை இருந்தது. ரத்திக்கடை என்போம். கடைக்காரரும் எங்களைப் போலத் திருநெல்வேலிச் சீமை, நாசரேத் பக்கத்துக்காரர். அவருடைய மகளை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒன்பதாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை. கடையில் வந்து விழுகிற மூட்டைகளைப் பிரித்து, நல்ல புத்தகம் இருந்தால் அவளுடைய அப்பா எடைபோடும் முன் எடுத்து ஒளித்துவைத்துக்கொள்வாள். அப்படி ஒரு கோடை விடுமுறையில் அகப்பட்டதுதான் அந்தப் புத்தகம். வெளிநாட்டுப் புத்தகம், வழவழப்புத் தாள், அட்டையில் நெருப்புக் கக்குகிற ஒரு ராட்சதப் பல்லி. முன்பாதிதான் இருந்தது. பின்பாதியை யாரோ கிழித்துப் பொட்டலம் மடித்திருந்தார்கள்.

அது ஒரு ஆட்டத்தின் சட்டப் புத்தகம் என்று அக்கா படித்துச் சொன்னாள். ஒருவர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் கதைக்குள் ஆளாக வாழ வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பல பக்கம் உள்ள பகடையை உருட்டித் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பகடைக்கு நாங்கள் எங்கே போவோம்? அக்கா வீட்டில் கிறிஸ்துமஸுக்கு ஹவுசி ஆடுகிற நம்பர் வில்லைகள் இருந்தன. சின்ன நம்பர்களை மட்டும் பொறுக்கி ஒரு சுருக்குப் பையில் போட்டுக் குலுக்கினோம். பை ஆயிற்று பகடை.

கதை சொல்வது அக்கா, ஆட்டத்தில் நாங்கள் மூன்று பேர். நான், இட்லிக்காரர் மகன், பக்கத்து அறை மராட்டிக்காரப் பெண். இட்லிக்காரர் என்றால் காலையில் சைக்கிளில் பாத்திரம் கட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டு போவார்களே, அவர். மராட்டிக்காரப் பெண்ணுக்கு எங்கள் தமிழ் முழுக்கப் புரியும், திட்டுகூடத் திருநெல்வேலித் திட்டுதான் திட்டுவாள்.

"முதல்ல எல்லாரும் ஒரு இனம் எடுக்கணும்" என்றாள் அக்கா.

"சாதியாக்கா?" என்றான் இட்லிக்காரர் மகன்.

"ஏல, சாதின்னா நீ பொறக்கும்போதே ஒட்டிக்கிட்டு வரும். இது நாமளே எடுக்கது."

"அப்பம் புடிக்கலன்னா மாத்திக்கிடலாமா?"

"மாத்திக்கிடலாம்."

அவன் இனங்களின் வரிசையை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். பிறகு குள்ளனை எடுத்துக்கொண்டான். அப்பாவின் இட்லிப் பாத்திர மூடி அவனுக்குக் கேடயம். மராட்டிக்காரப் பெண் கூர்க்காது வில்லாளி. நான் சுவர் ஏறும் திருடி.

இங்கே ஒரு தவறு செய்தோம். பாத்திரமாகவே மாற வேண்டும் என்று புத்தகம் சொன்னதை அக்கா அப்படியே எடுத்துக்கொண்டாள். சுவர் ஏறினேன் என்று நான் சொன்னால் போதாது, ஏறிக் காட்ட வேண்டும். பாலம் தாண்டினேன் என்றால் சாக்கடையைத் தாண்ட வேண்டும். சந்து முழுக்க ஓடினோம், தகரக் கூரைகளில் தொங்கினோம், கீழறைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். அது உட்கார்ந்த இடத்தில் பேசியே ஆடுகிற ஆட்டம் என்று எனக்குத் தெரிந்தது, என் மகள் ஆடத் தொடங்கிய பிறகுதான். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அப்போது தெரிந்திருந்தால் அந்தக் கோடை அவ்வளவு நன்றாக இருந்திருக்காது.

முதல் மழையோடு பள்ளிக்கூடம் திறந்தது. அந்த வாரமே ஒரு குடம் தண்ணீரோடு ஏணியில் வழுக்கி விழுந்தேன். ஆட்டத்தில் எத்தனையோ கூரையில் தொங்கியவள், அம்மா சொன்ன வேலையைச் செய்யப் போய்க் காலை உடைத்துக்கொண்டேன். இடுப்புக்குக் கீழிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. அப்பா என்னை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு அந்த ஏணியில் ஏறினார். மேலே படுத்தவள் படுத்தவள்தான். காலையில் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், சோறு, ஒரு தட்டம், அவசரத்துக்கு ஒரு டப்பா. கீழறை அம்மாள் அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போவாள். மற்ற நேரமெல்லாம் நானும், பின்பக்க ஜன்னலும், ஜன்னலுக்கு அப்பால் தண்டவாளமும்தான்.

தனிமை என்ற சொல் அந்த வயதில் தெரியாது. சுவரில் இருந்த ஈரக் கறைகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடித்துவிட்டு, பெயர் வைக்க வேறொன்றும் இல்லாமல் அழுதேன், அவ்வளவுதான் ஞாபகம்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் மூன்று பேரும் நனைந்துகொண்டு ஏணியேறி வந்தார்கள். அக்கா புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மாரோடு அணைத்திருந்தாள்.

"இவளால ஏற முடியாதுல்லா? திருடி செத்துட்டா. இனி நாம ரெண்டு பேருதான்" என்று இட்லிக்காரர் மகன் மராட்டிக்காரப் பெண்ணிடம் சொன்னான். கெட்ட எண்ணத்தில் இல்லை, கணக்காகச் சொன்னான்.

"சும்மா இருல" என்று அக்கா புத்தகத்தின் கடைசித் தாளைத் திருப்பிக் காட்டினாள். அங்கேதான் முதன்முதலாக அவரைப் பார்த்தேன். பக்கம் நிறைய ஒரு மரம். அடிமரத்தில் இரண்டு கண்கள், பாசி படர்ந்த தாடை, தோளில் ஒரு குருவிக்கூடு. முழங்காலளவுக்கு ஒரு மனிதன் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறான். படத்துக்கு மேலே, இவர்களும் ஆடுவதற்குரிய இனம் என்று ஒரே ஒரு வரி. அவர்கள் எப்படி நடப்பார்கள், என்ன பலம், என்ன பலவீனம் என்பதெல்லாம் அடுத்த பக்கத்தில். அடுத்த பக்கம் இல்லை. யாரோ வடாபாவ் தின்றுவிட்டுக் கை துடைத்த தாளில்தான் அந்த இனத்தின் முழுச் சட்டமும் போயிருக்க வேண்டும்.

"மரத்தார்" என்று அக்கா பெயர் வைத்தாள். "சட்டம் இல்ல. அதனால நீயே சொல்லு. மரத்தாரு என்ன செய்வாவ?"

என்னிடம் அதுவரை யாரும் ஒரு சட்டம் கேட்டதில்லை.

"நடக்க மாட்டாங்க" என்றேன், காலைப் பார்த்துக்கொண்டே.

"சரி. மத்தவங்கதான் அவங்ககிட்ட வரணும்" என்று அக்கா சேர்த்தாள். அந்த ஒரு வரிக்காக அவளுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். அன்றிலிருந்து கதையில் எந்தப் போர் நடந்தாலும், எந்தப் புதையல் கிடைத்தாலும், கடைசியில் குள்ளனும் வில்லாளியும் மரத்தாரிடம் வந்துதான் ஆக வேண்டும். அதற்கு அவர்கள் நிஜ ஏணியில் நிஜ மழையில் ஏறி வந்தார்கள்.

சட்டங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மரத்தாருக்கு நெருப்பும் ரம்பமும் ஆகாது. மரத்தார் பொய் சொல்ல மாட்டார்கள். மரத்தாரின் கிளையில் ஏறி ஒளிந்தவரை எந்தப் பகைவனாலும் பார்க்க முடியாது. மரத்தார் தண்ணீர் மட்டும்தான் குடிப்பார்கள் என்று இட்லிக்காரர் மகன் ஒன்று கொண்டுவந்தான். மாலையில் அவன் கொண்டுவருகிற மிச்ச இட்லி எனக்குக் கிடைக்காமல் போகும் என்பதால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. வாதம் முற்றி, இட்லியும் சட்னியும் உரம் என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள்.

பேச்சுக்கான சட்டத்தை மராட்டிக்காரப் பெண் கொண்டுவந்தாள். "மரம் ஸ்லோவா பேசும்ல? நாம மாதிரி பட்டுபட்டுன்னு பேசாது. எவ்ளோ ஸ்லோ?" என்றாள். அந்த நேரம் பின்னால் ஒரு ரயில் போனது. தட்டம் கிடுகிடுத்தது. நாங்கள் எல்லோரும் வழக்கம்போலப் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருந்தவர்களுக்குத் தெரியும், ரயில் போகும்போது வாக்கியம் பாதியில் நிற்கும், போனபிறகு அதே இடத்திலிருந்து தொடரும். அதைப் பார்த்து அக்கா சொன்னாள்: "யாரு என்ன கேட்டாலும், ஒரு ரயில் போனபொறவுதான் மரத்தாரு பதில் சொல்லணும். அதுவரைக்கும் தலைகூட ஆட்டப்பிடாது."

இதில் நான் ஒரு பிடிவாதம் பிடித்தேன். மற்றவர்கள் ஏணியிறங்கியதும் பழையபடி ஆளாகிவிடலாம். மரத்தார் அப்படி இல்லை, ஆட்டம் நின்றாலும் மரத்தார் மரத்தார்தான் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. அவர்கள் போனபிறகும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தால், அவர்கள் போகவில்லை என்றுதானே பொருள். அக்காவும், "சரி, அப்படியே ஆகட்டும்" என்றாள்.

அப்புறம் என்ன, அம்மா பாடு திண்டாட்டமாகிவிட்டது. வேலையிலிருந்து வந்து, "பசிக்காட்டி?" என்பாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். "ஏட்டி, உன்னத்தான்." பதில் இல்லை. ரயில் போகும். அது போய் முடிந்ததும், அடித்தொண்டையில், மெதுவாக, "ப...சி...க்...கு...து" என்பேன். மரத்தாரின் குரல் எப்படியிருக்கும் என்று நானே தனியாகக் கிடந்து பழகிய குரல். எனக்குப் பெருமையாக இருக்கும். அம்மாவோ பயந்துபோயிருக்கிறாள்.

விழுந்த வேகத்தில் தலையில் அடிபட்டு மூளை கலங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். ஆஸ்பத்திரியில் கேட்டாள், எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு அக்காவைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். அக்கா உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள்: "ஒண்ணுமில்ல ஆண்ட்டி, அவ இப்பம் மரம்." ஏணிக்கடியில் சிவப்புக் கயிறு சுற்றிய ஓர் அரசமரம் இருந்தது. நான் விழுந்தது அதன் வேரில்தான். அம்மாவுக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. மரத்தில் இருந்த ஏதோ ஒன்று மகளைப் பிடித்துக்கொண்டுவிட்டது!

அன்றிலிருந்து வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வராமல் முருகன் கோயில்வரை நடந்து போய் விபூதி வாங்கிக்கொண்டு வருவாள். அக்காவின் அம்மா ஜெப எண்ணெய் கொடுத்தனுப்பினார். அதையும் மறுக்கவில்லை. விபூதியின் மேல் எண்ணெயும் எண்ணெயின் மேல் விபூதியுமாக என் நெற்றி பிசுபிசுத்துக் கிடந்தது. அன்று எனக்கு எரிச்சல். நாளெல்லாம் நின்றுகொண்டே நூல் வெட்டிய கால்களோடு அவள் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள் என்பது இந்த வயதில்தான் உறைக்கிறது.

விபூதிக்கும் எண்ணெய்க்கும் மரம் அசையவில்லை. அப்பா எஸ்.டி.டி. பூத்தில் போய் ஊருக்குப் பேசினார். பெரியப்பா ரயிலேறிவிட்டார்.

பெரியப்பா நல்லவர். இதைச் சொல்லிவிட வேண்டும். பை நிறையப் பனங்கற்கண்டும் கடலை மிட்டாயும் கொண்டுவந்தார். ஏணியைப் பார்த்து, "இதுல பிள்ளைக எப்படிம்மா ஏறுது" என்று கலங்கினார். ஆனால் அவர் வந்த சனிக்கிழமை சாயங்காலம் கீழே ஏணியடியில் நின்று பேசியது முழுக்க எனக்குக் கேட்டது. பெரிய குரல் அவருக்கு. என்னைத் திங்கட்கிழமை ரயிலில் ஊருக்குக் கூட்டிப்போவது, அங்கே மந்திரிப்பது, கட்டுப் பிரித்தபிறகு அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது. "பொறவு பாத்துக்கிடலாம், ஒரு வருசம் போகட்டும்" என்றார்.

ஒரு வருசம் என்றால் என்ன என்று எங்கள் சந்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். கீழறை அம்மாளின் மூத்த மகள் அப்படித்தான், தம்பி பிறக்கும்போது ஒரு மாதத்துக்கு என்று ஊருக்கு அனுப்பப்பட்டாள். தம்பி நடக்கத் தொடங்கிவிட்டான். அவள் வரவில்லை. திரும்பிவர யாரும் தடைசொன்னதாகவும் தெரியவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். பெரியப்பா வீட்டில் எனக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. ஆனால் ஏணியேறி வர அங்கே யாரும் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மூன்று பேரும் வந்தார்கள். அன்று ஆட்டம் உச்சத்தில் இருந்தது. குள்ளனையும் வில்லாளியையும் ஒரு பெரும்படை துரத்திக்கொண்டு வந்தது. நம்பர்கள் ஒன்றும் சரியாக விழவில்லை. இருவரும் ஓடிவந்து என் கிளையில் ஏறிக்கொண்டார்கள். கதை சொல்லுகிற அக்காவுக்கே பயம் பிடித்துவிட்டது, அவளும் ஒரு கிழட்டுப் பாட்டுக்காரியாக உள்ளே நுழைந்து மேலே ஏறிக்கொண்டாள். படை மரத்தடியில் வந்து நின்றது. படைத்தலைவன் அண்ணாந்து பார்த்து, "மரத்தாரே, யாரையாவது பார்த்தீரா?" என்று கேட்டான்.

"ரயில் வாரதுக்கு முன்னால நீ வாயைத் தெறந்தா இலையெல்லாம் கொட்டிரும்" என்றாள் அக்கா. "எங்க மூணு பேரையும் பாத்துருவான். யாருகிட்டயும் பேசப்பிடாது, கேட்டியா?"

ரயிலுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. அக்காவுக்கு சர்ச்சுக்கு நேரமாகிவிட்டது. இட்லிக்காரர் மகனை அவன் அம்மா கீழிருந்து கூப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு வருகிறோம், பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். எவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது? கிளையில் இருக்கிற அவர்களைத்தான்.

அன்று ஹார்பர் லைனில் மெகா பிளாக். தண்டவாள வேலைக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலை நிறுத்திவைப்பார்களே, அது. எங்கள் நால்வரில் ஒருவருக்கும் அது தெரியாது.

அப்புறம்தான் அப்பா, அம்மா, பெரியப்பா மூவரும் மேலே வந்தார்கள். அப்பா என் பக்கத்தில் குந்தினார். "ஏ பிள்ள, பெரியப்பா கூட ஊருக்குப் போறியா?" என்று கேட்டார்.

போகமாட்டேன் என்பது தொண்டைவரை வந்துவிட்டது. தொண்டையிலேயே நிறுத்தினேன்.

சிரிக்காதீர்கள். எனக்கு அது விளையாட்டு என்று தெரியாமல் இல்லை. படை இல்லை, கிளை இல்லை, நான் மாவுக்கட்டுப் போட்ட பெண்பிள்ளை என்று நன்றாகத் தெரியும். ஆனால் அந்த மூன்று பேரும் ஒருநாள் தவறாமல் நனைந்து ஏறி வந்தது நிஜம். என்னை நம்பி ஏறியிருந்தவர்களை, என் காரியத்துக்காக உதிர்த்துவிட மனம் வரவில்லை. ஒரு ரயில்தானே, இதோ வந்துவிடும் என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். கண்ணில் தண்ணீர் மட்டும் அதுபாட்டுக்கு வழிந்தது. அதற்குச் சட்டம் ஒன்றும் போட்டிருக்கவில்லை.

"ஏட்டி, அப்பா கேக்காவல்லா? சொல்லு" என்றாள் அம்மா.

"பாத்தியா?" என்றார் பெரியப்பா. "எங்கயோ வெறிச்சுப் பாக்குது பாரு. இது சாதாரணம் இல்லப்பா. பிள்ளகிட்ட என்ன கேக்க வேண்டிக்கெடக்கு? துணிமணிய எடுத்துவைம்மா."

அம்மா அழுதுகொண்டே டிரங்குப் பெட்டியை இழுத்தாள். என் பாவாடை ஒன்று, சட்டை ஒன்று என்று மடித்து வைக்கத் தொடங்கினாள். நான் ரயிலை வேண்டிக்கொண்டேன். அதுவரை நான் வேண்டிய எந்தச் சாமியையும் அப்படி வேண்டியதில்லை.

அப்பா எழுந்திருக்கவில்லை. "அண்ணே, நீங்க கீழ போயி ஒரு டீ குடிங்க" என்றார். "ஏ, நீயும் போ. பெட்டி அப்பிடியே இருக்கட்டும். நான் இங்கன இருக்கேன்."

அவர்கள் இறங்கிப் போனார்கள். அப்பா அரிசி டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். எங்கள் அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. பட்டறையில் எத்தனை பர்ஸ் முடித்தாரோ அதற்குத்தான் கூலி. அதனால் சாப்பாடு, பேச்சு, குளியல் எல்லாம் அவசரம்தான். அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அன்று உட்கார்ந்தார். இன்னொருமுறை கேட்கவில்லை. என்ன ஆயிற்று உனக்கு என்று கேட்கவில்லை. விரல் நுனியில் காய்ந்துபோயிருந்த சொலூஷன் பசையை உரித்துக்கொண்டு, நான் பார்க்கிற ஜன்னலையே அவரும் பார்த்தார். கரண்ட் போனது. ஒரு காலண்டர் அட்டையை எடுத்து எனக்கு விசிறினார். மழை தகரத்தில் கொட்டியது, நின்றது, மறுபடி கொட்டியது. அம்மா ஏணியில் பாதிவரை வந்து எட்டிப் பார்த்தாள். அப்பா கையமர்த்தினார். அவள் இறங்கிப் போனாள். சாப்பிட்டுவிட்டு வந்த மூன்று பேரையும் அவள் கீழேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியது எனக்குப் பிறகுதான் தெரியும். தண்டவாளத்தில் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். அவர் விசிறிக்கொண்டேயிருந்தார்.

மாலை டீ நேரமும் தாண்டியபிறகு, தட்டம் மெல்ல நடுங்கியது. செம்பூர் ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு ரயில், நாளெல்லாம் காத்திருந்த சனம் கதவுகளில் பிதுங்கித் தொங்க, ஊர்ந்து வந்து கடந்து போனது. கடைசிப் பெட்டி ஜன்னலைத் தாண்டியது.

"நான் போகலப்பா" என்றேன். மரத்தார் குரல் வரவில்லை, என் சொந்தக் குரல்தான் கீச்சென்று வந்தது.

அப்பா விசிறுவதை நிறுத்தினார். "பகல்ல தனியா இருந்துக்கிடுவியாட்டி?"

நல்லவேளை, தடுத்துவைத்திருந்த ரயில்களெல்லாம் வரிசையாக வந்தன. எதிர்ப்பக்கமிருந்து ஒன்று வந்து போனது. "தனியா இல்லப்பா. அவங்க வருவாங்க" என்றேன்.

"சரி" என்றார். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். ஏணியில் நின்று கீழே குனிந்து, சந்துக்கே கேட்கும்படி, "அண்ணே, பிள்ள வரமாட்டாளாம்" என்று சொன்னார். நோய் என்றோ பேய் என்றோ ஒரு சாக்கும் சேர்க்கவில்லை. பிள்ளை வரமாட்டாளாம் என்பதே அவருக்குப் போதுமான காரணமாக இருந்தது.

பெரியப்பா கோபித்துக்கொள்ளவில்லை, பனங்கற்கண்டுப் பையை என் தலைமாட்டில் வைத்துவிட்டுத் திங்கட்கிழமை தனியாக ரயிலேறினார். அதே வாரம் அப்பா தோல் மூட்டையோடு மேலறைக்கு வந்தார். தைக்கிற வேலை மட்டும் பட்டறையில், ஒட்டுகிற வேலை வீட்டில் என்று முதலாளியிடம் பேசி ஏற்பாடு செய்திருந்தார். அறை முழுக்கச் சொலூஷன் நாற்றம். பாதி நாள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து தோலை மடிப்பார். பேச்சு அதிகமில்லை. சாயங்காலம் பிள்ளைகள் வந்தால் மூட்டையை ஒதுக்கி இடம் விடுவார். கிளையில் இருந்த மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள், கேட்பீர்களென்று சொல்கிறேன். படைத்தலைவன் காத்திருந்து சலித்துப் போய்விட்டான் என்று அக்கா கதையை முடித்தாள்.

கட்டுப் பிரித்தார்கள். கால் சூம்பிப்போயிருந்தது. நடக்கத் தொடங்கியதும் நான் மரத்தாரை விட்டுவிட்டேன், இனத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் சட்டமே. பின்னொரு பெருமழையில் ரத்திக்கடைக்குள் கழுத்தளவு தண்ணீர் புகுந்தபோது அந்தப் புத்தகம் கூழாகிப் போனது. அக்கா கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு மெசேஜ் அனுப்புவாள்.

அப்பா கடைசி வருடங்களில் எங்களோடு வாஷியில் இருந்தார். ஒரு மத்தியானம், சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது கேட்டேன், "அன்னைக்கு ஏம்ப்பா ஒண்ணுமே கேக்காம அவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க? எனக்குப் பேய் புடிச்சிருக்குன்னு உங்களுக்குத் தோணலியா?"

"பேயா?" என்றார். "நீ யோசிச்சுக்கிட்டுல்லா இருந்த. யோசிக்குத பிள்ளைய எதுக்குத் தொந்தரவு பண்ண?"

நான் யோசிக்கவே இல்லை. பதில் முன்தினமே தயாராக இருந்தது, ரயில்தான் வரவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரும் சிரித்திருப்பார். ஆனால் நினைத்துப் பாருங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் என்னைக் கேட்காமல் எதையும் செய்ததில்லை. பத்தாவதுக்கு மேல் என்ன படிக்கிறாய், வேலைக்குப் போகிறாயா, இந்தப் பையனைப் பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் ஒரே ஒருமுறை கேட்பார். கேட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வார். மற்றவர்கள் அவசரப்படுத்தினால், "இருங்க, அவ யோசிக்குதா" என்பார். வீட்டிலிருந்த எல்லோரும் வாயை மூடிக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அப்படி எல்லோரும் காத்துக்கொண்டிருக்கும்போது வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியுமா? வேறு வழியில்லாமல் நான் நிஜமாகவே யோசிக்கப் பழகினேன்.